பத்தாவது ஆள்

போன செவ்வாய்க்கிழமை காலை மின்சாரம் வந்த கையோடு காசிமிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ரங்கூனில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் மின்சாரம் வந்தால் எல்லா வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். அந்த இரைச்சலில் வீடியோவில் பேசுகிறவன் என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்கவில்லை. படம் மட்டும் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரை. மெத்தையைச் சுற்றிக்கொண்ட மாதிரி கோட்டுப் போட்ட ஒருவன் பெரிய திருகு ஒன்றைத் தரையில் இறக்குகிறான். சுற்றிலும் வெள்ளைத் தூள் குவிகிறது. கடைசியில் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பொங்கி வந்தது. அப்போதுதான் அது தரையில்லை, ஏரி என்று புரிந்தது.

காசிம் இப்போது கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறான். இங்கிருந்து மலேசியா போய், அங்கே பல வருஷம் காத்திருந்து, அகதியாகப் பதிவாகி, கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தவன். மோட்டார்கள் ஓய்ந்ததும் வீடியோவை மறுபடி போட்டுக் கேட்டேன்.

"அண்ணே, பாத்தீங்களா? ஆத்து மேலயும் ஏரி மேலயும் வேன் ஓடுது. வர்ற சனிக்கெழம நாங்க எட்டுப் பேரு மீன் புடிக்கப் போறோம், எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதான். எங்க சாப்புடுறது, எங்க முள்ளு வாங்குறது, எத்தன மணிக்குக் கெளம்புறதுன்னு ஒரு பிளான் போட்டுக் குடுங்க. நீங்க போட்டாத்தான் எனக்குப் பிளான் மாதிரி இருக்கும்."

உறைபனியை என் ஆயுளில் பார்த்ததில்லை. குளிர்பதனப்பெட்டியின் மேல்தட்டில் படிவதைச் சுரண்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ரங்கூனில் உட்கார்ந்து, கனடாவில் ஐஸ் மேல் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்ல என்னைக் கேட்கிறான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஐஸ் என்றால் எனக்கு முதலில் வருவது குளிர் இல்லை, வாசனை. ஈரச் சாக்கும் நெல் உமியும் கொஞ்சம் பழைய மீனும் கலந்த வாசனை. இருபத்தைந்து வயதில் நான் ரங்கூனின் அலோன் பகுதியில் ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. எந்தப் படகு எத்தனை மணிக்குக் கரை சேரும், எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எந்த ஆட்கள் இறக்க வேண்டும் என்று அட்டவணை எழுதுவது என் வேலை. கிடங்குக்குப் பின்னால் ஒரு ஐஸ் ஆலை இருந்தது. மீன் படகுகளுக்காக ஆள் உயரப் பாளங்கள் சறுக்குப் பலகையில் இறங்கி வரும். சனிக்கிழமை சாயங்காலம் கால் பாளம் வாங்கி, உமி தூவி, சாக்கில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைப்போம். மறுநாள் பிடிக்கப்போகிற மீனுக்காக. பல ஞாயிறுகளில் ஐஸ் மட்டும் போய் ஐஸ் மட்டும் திரும்பி வந்தது. மீனைத் தேடி ஐஸோடு போனவர்கள் நாங்கள். இவன் ஐஸ் மேலேயே ஏறி நிற்கிறான்.

நாங்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். அதனால் மூன்று பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காசிம் எங்களில் இளையவன், இரும்புச் சாமான் கடையில் வேலை. சிங்காரம் என்னோடு கிடங்கில் இருந்தவன், எனக்கு நேர் எதிர் மேஜை. மணியண்ணன் மூத்தவர், டைனா வண்டி சொந்தமாக வைத்திருந்தார். டைனா என்றால் பின்னால் இரண்டு பக்கமும் பலகை போட்ட சின்ன லாரி. அவர் வண்டி இல்லாவிட்டால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

திட்டம் போடுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பில்லை, நானே எடுத்துக்கொண்டது. கிடங்கு அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். மேலே "ஆட்கள்" என்று போட்டு எண். அதன் கீழே 5.40 வண்டி. 6.10 மொஹிங்கா. 6.35 புறப்பாடு. 7.20 தன்லியினில் நான்ரொட்டி, அவித்த பட்டாணி. 8.00 தூண்டில் தண்ணீரில். எட்டு மணிக்குத் தூண்டில் தண்ணீரில் இறங்கியதாக எனக்கு நினைவே இல்லை. காலைப் பலகாரத்துக்கு நிற்கும் மொஹிங்கா கடையிலேயே ஏழு ஆகிவிடும். "பிளான் மாஸ்டர், மீனுக்கும் டைம் சொல்லிட்டீங்களா?" என்று சிங்காரம் கேட்பான். நான் கோபித்துக்கொள்வேன். கோபித்துக்கொண்டே அடுத்த வாரத்துக்கும் எழுதுவேன்.

தூண்டில் சாமான் வாங்க, தெயிங்ஜி சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் டோ டின் என்ற அம்மாள் கடை. முள்ளைத் தொட விடமாட்டார். "எந்த மீன், எந்தத் தண்ணி?" என்று பர்மிய மொழியில் அதட்டிக் கேட்பார். நாங்கள் பெரிய விரால் என்று கூசாமல் பொய் சொல்வோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கெளுத்திக்கான சின்ன முள்ளை எடுத்து வைப்பார். ஒரு தடவைகூட அவர் கணிப்புத் தப்பவில்லை.

ஒன்பது பேர் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் ஒரு சிக்கல். இந்த நாட்டில் ஒன்பது பேர் சேர்ந்து பயணம் போகமாட்டார்கள். போனால் ஏதாவது ஆகும் என்று பயம். போயே ஆக வேண்டுமென்றால் ஒரு கல்லை எடுத்து வண்டியில் வைத்து, அதைப் பத்தாவது ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் வீடுகளில் முருகனைக் கும்பிடுகிறவர்களும் உண்டு, தொழுகைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் ஒன்பது விஷயத்தில் நாங்கள் எல்லோரும் பர்மாக்காரர்கள். முதல் பயணத்தன்றே காசிம் ஆற்றங்கரையிலிருந்து வழவழப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்தான். தேங்காய் அளவு, ஒரு பக்கம் தட்டை. கல்லுக்குப் பர்மிய மொழியில் சௌக். பெரியவர்களை ஊ சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை. ஆக அவர் ஊ சௌக் ஆனார்.

ஊ சௌக் என் பொறுப்பில் இருந்தார். துண்டில் சுற்றிப் பையில் வைத்துக் கொண்டு போவேன். மொஹிங்கா கடைக்காரப் பெண் எத்தனை பேர் என்று கேட்டால் பத்து என்போம். பத்துக் கிண்ணம் வரும். வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பும் சேவையும் ஆவி பறக்கப் பத்தாவது கிண்ணம் கல்லின் முன்னால் இருக்கும். அதை யார் சாப்பிடுவது என்று சண்டை. பெரும்பாலும் மணியண்ணன்தான் ஜெயிப்பார். "அவரு பெரிய மனுசன், வாய் தெறந்து கேக்க மாட்டாரு. அவருக்காக நான் சாப்புடுறேன்" என்று எடுத்துக்கொள்வார். சிரிப்பார், ஆனால் சாப்பிடுமுன் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. மணியண்ணனுக்கு அது விளையாட்டே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான்கு வருஷம் இப்படிப் போனது. ஒரு மழைக்காலத்தின் முடிவில் சிங்காரம் மலேசியாவுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை கிடங்குக்குப் போனால் எதிர் மேஜை காலி. பென்சில் சீவும் கத்தி மட்டும் கிடந்தது. எனக்கு அழத் தெரியவில்லை, யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை. வழக்கம்போல் தாளை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐஸ் வாங்கினேன். காலையில் பையைத் தூக்கும்போது ஊ சௌக்கையும் துண்டில் சுற்றி உள்ளே வைத்தேன்.

அன்று மொஹிங்கா கடையில் பத்தா என்று கேட்ட பெண்ணிடம் காசிம் எட்டு என்றான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பாலம் தாண்டித் தன்லியினில் நான்ரொட்டிக் கடை. ரொட்டி சூடாக வந்தது, பட்டாணியில் பொரித்த வெங்காயம் தூவியிருந்தது. எலுமிச்சை அறுக்கக் கத்தி தேடி மணியண்ணன் என் பையைத் திறந்தார். துண்டை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவரு எதுக்குத் தம்பி வந்தாரு?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டார். நாங்கள் எட்டு. கல்லோடு ஒன்பது. ஒன்பதைத் தவிர்க்கக் கொண்டுவந்த கல்லை வைத்தே நான் ஒன்பது ஆக்கியிருந்தேன். ஊருக்கெல்லாம் அட்டவணை எழுதுகிற குமாஸ்தா செய்த கணக்கு இது.

இரண்டு பேர் சிரித்தார்கள். மணியண்ணன் சிரிக்கவில்லை. "பாலத்தத் தாண்டி வந்துட்டோம், ஒன்பதாத்தான் தாண்டியிருக்கோம். போவட்டும். இங்கயே ஆத்துல போட்டுட்டு வாங்க தம்பி" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். சொன்னபடி செய்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆறு எதிரிலேயே ஓடுகிறது.

"போட மாட்டேன்" என்றேன்.

எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. சிங்காரம் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இந்தக் கல்லையும் தண்ணீரில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினால் அன்றைக்கு இரண்டு பேரை இழந்ததாக ஆகும் என்று தோன்றியது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்து, "மூட நம்பிக்கைக்கெல்லாம் நான் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டேன். நான்கு வருஷம் கல்லுக்கு மொஹிங்கா வாங்கித் தந்தவன் பேசுகிற பேச்சா அது? மணியண்ணன் முகம் சுருங்கிப்போனது. வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கல்லு ஏறுனா நான் ஓட்ட மாட்டேன்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் எறங்கிக்கிறோம்" என்றேன். நாங்கள் இரண்டு பேர் என்றது என்னையும் கல்லையும்.

யாராவது தடுப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுந்தேன். பேருந்து நிற்குமிடம் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். காசிம் மட்டும் ஓடிவந்தான். பேருந்து கிளம்புகிற சமயத்தில் ஜன்னல் வழியாக ரொட்டியும் பட்டாணியும் கட்டிய பொட்டலத்தைக் கையில் திணித்து, "பசிச்சா சாப்புடுங்கண்ணே. அவருக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன்" என்றான். கண்டக்டர் என் மடியில் இருந்த கல்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்தப் பொட்டலத்தை நான் தனியாகச் சாப்பிட்டேன். பட்டாணியில் உப்புக் கொஞ்சம் குறைவு.

ஏழு பேர் மீன் பிடிக்கப் போனார்கள். அடுத்த வாரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் தாள் எடுக்கவில்லை. அவர்களாக இன்னும் இரண்டு ஞாயிறு போனதாகக் காசிம் சொன்னான். ஒருவர் முள்ளை மறந்தாராம், இன்னொருவர் ஐஸை மறந்தாராம், பிறகு தானாக நின்றுபோனது. மணியண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. ஒரு நாள் போய், "அண்ணே, தப்பு என்னுதுதான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக்குப் போகலாம் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் டைனாவை விற்றுவிட்டுத் தாய்லாந்தில் மகனோடு இருக்கப் போய்விட்ட செய்தி தேநீர்க் கடையில்தான் காதில் விழுந்தது. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் வேலைக்காக, சிலர் பிள்ளைகளை எப்படியாவது வெளியே அனுப்ப வேண்டும் என்பதற்காக. காசிமும் போனான். கடைசியில் ஒன்பதில் ரங்கூனில் நான் மட்டும் என்று ஆனது.

ஆகவே காசிம் கேட்ட திட்டத்தை நான் எப்படி எழுதியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். மின்சாரம் இருந்த நேரமெல்லாம் கைப்பேசியில் அவன் ஊர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். மூடிப்போன கிடங்கிலிருந்து கொண்டுவந்த அட்டவணைத் தாள்கள் இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, "ஆட்கள்: 8" என்று எழுதி ஆரம்பித்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தூண்டில் கடை. அங்கே டோ டின் மாதிரி யாராவது அதட்டினால் நல்லது, வால்ஐ என்ற மீன், ஆற்றுத் தண்ணீர் என்று உண்மையைச் சொல்லவும். உப்புப் போட்ட பொடிமீன் இரண்டு பொட்டலம், அங்கே அதுதான் இரையாம். அனுமதிச் சீட்டு எட்டுப் பேருக்கும். பதினொன்றரைக்குப் பிலிப்பைன்ஸ்காரர்களின் ரொட்டிக் கடை. ஒரு மணிக்குச் செல்கர்க் என்ற ஊரில் உருளைக்கிழங்கு பொதிந்த கொழுக்கட்டை. வேனை ஐஸ் மேல் ஏற்றுமுன் ஐஸ் ஒரு அடியாவது கனம் இருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டே ஆகவும். இதன் அடியில் இரண்டு கோடு போட்டேன். இருட்டுகிற நேரத்தில்தான் அந்த மீன் கடிக்கும் என்று படித்ததால் நாலரை மணிக்குத் தூண்டில் தண்ணீரில். தாளைப் படம் பிடித்து அனுப்பினேன்.

"யபாடே அண்ணே, சூப்பர்" என்று பதில் வந்தது. இங்கே எதற்கும் சொல்வோமே, ஆகட்டும், எல்லாம் சரி என்கிற அந்த யபாடேதான். அங்கே போயும் அதை விடவில்லை.

அவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை. எனக்கு ஞாயிறு காலை ஆறு. கைப்பேசி அடித்தது. எடுத்தால் ஒரு கூடாரம், விளக்கு, மூக்குச் சிவந்த எட்டு முகங்கள். இரண்டு கரேன்காரர்கள், ஒரு சின் மலைக்காரர், மீதிப் பேர் ரங்கூன், மோல்மேன். எல்லோரும் கையை ஆட்டினார்கள். என்னைக் கைப்பேசியோடு ஒரு வாளிமேல் சாய்த்து வைத்தார்கள். என் முன்னால் ஓட்டை, அதில் கறுப்புத் தண்ணீர். நான் வீட்டுப் பனியனோடு உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று காசிம் சொன்னான்: "அண்ணே, ஒரு விசயம். நீங்க வந்ததும் ஒன்பது ஆயிட்டோம்ல?"

"போன்ல இருக்கிறவன்லாம் கணக்குல வருமாடா?"

"பிளான் போட்ட ஆளு வராம? இவங்க எல்லாரும் எண்ணிட்டாங்க. கல்லு தேடுனோம், இங்க கல்லுக்கு எங்க போறது? அதான், பாருங்க."

கைப்பேசியைத் திருப்பினான். ஓட்டையிலிருந்து வந்த ஐஸ் தூளை உருட்டி, தேங்காய் அளவுக்குக் கட்டி, அதன் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் கொழுக்கட்டை ஒன்று. "ஊ சௌக்குக்கு" என்றான் காசிம். கரேன்காரர் ஒருவர் அந்த ஐஸுக்குச் சலாம் போட்டார். ஒன்பதில் ஒருவன் என்று என்னை ஒருவர் எண்ணி எத்தனை வருஷம் ஆயிற்று! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "தக்கையைப் பாரு, தக்கையைப் பாரு" என்று சத்தம் போட்டேன். உண்மையிலேயே தக்கை ஆடியது. காசிம் நூலை இழுக்கக் குனிந்தான்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. மின்வெட்டு அட்டவணைப்படி ஒன்பது மணிக்குத்தான் போக வேண்டும். மின்சாரம் போனால் எங்கள் தெருவில் இணையமும் போய்விடும். திரையில் காசிமின் குனிந்த முதுகு அப்படியே நின்றது, பிறகு அதுவும் போனது.

ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் போய்விட்டேன். அங்கே எட்டுப் பேர், அந்த ஐஸோடு ஒன்பது. அதே தப்பு. அதுவும் இந்த முறை உறைந்த ஆற்றின் மேல், வேனோடு. மூட நம்பிக்கைக்கெல்லாம் ஆள் இல்லை என்று தன்லியினில் பேசியவன், பால்கனிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தேன். கைப்பேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். என்னவென்று சொல்வேன்? மணியண்ணன் அன்றைக்கு எப்படிப் பயந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேடிக்கை இல்லை அது. ஏழு பேரைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய ஓட்டுநரின் பயம்.

பதினோரு மணிக்கு மின்சாரம் வந்தது. மோட்டார்கள் ஓடத் தொடங்கின. காசிமின் குரல் பதிவு ஒன்று காத்திருந்தது.

"அண்ணே, லைன் கட்டாயிருச்சு. நீங்க இல்லன்னா நாங்க எட்டுதான, அதோட சேந்து ஒன்பதாயிருமேன்னு அந்த ஐஸ ஓட்டையில தள்ளிட்டோம். முங்கவே மாட்டேங்குது, மெதந்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் ஒடச்சு அள்ளி வெளிய கொட்டிட்டோம். மீனு ஆறு கெடச்சுது. பத்தரமா வீட்டுக்கு வந்துட்டோம். பிளான் சூப்பர்ண்ணே."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவன் செய்தது சரி. நான் செய்யாமல் விட்டதைத்தான் அவன் யோசிக்காமல் உடனே செய்திருக்கிறான். பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள், வேறென்ன வேண்டும்? ஆனாலும் அந்தப் பதிவை நான்கு முறை கேட்டேன்.

சாயங்காலம் வெளியே நடந்தேன். டோ டின் கடை இருந்த சந்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். மொஹிங்கா கடை இருந்த மூலையில் தகர வேலி. அலோனுக்குப் போனால் ஐஸ் ஆலைச் சுவர் மட்டும் நிற்கும் என்று தெரியும், அதனால் போகவில்லை. மணியண்ணன் வீட்டுத் தெரு வழியாகத்தான் திரும்பினேன். அந்த வீட்டு மாடியில் யாரோ புதிதாகக் கொடிகட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். என் கால் அங்கே கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.

ஊ சௌக் இப்போது என் ஜன்னலோர மேஜையில் இருக்கிறார். காற்றில் தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வீட்டுக்கு வந்ததும் அவரைக் கையில் எடுத்தேன். ஆற்றுக்குப் பத்து நிமிஷ நடைதான், இப்போதாவது போட்டுவிடலாம். வெகுநேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைக்கப் போனபோது, அடியில் இருந்த வின்னிபெக் திட்டம் கண்ணில் பட்டது. நேரம், கடை, இரை, ஐஸின் கனம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மேலே, என் கையெழுத்தில், என்னைச் சேர்க்காமல், ஆட்கள் எட்டு என்று நானே எழுதியிருந்தேன்.